எழுதும் அவாவும் எழுதும் ஊக்கமும்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க்குழுவினர் கேட்டபொழுது, எப்பொருள் பற்றி எழுதலாம் என வினவினேன். அவருள் ஒருவர் என்னிடம் தமிழ் பயின்ற பழைய மாணவர். அவர் சிறிது நகைத்து, "சேர், வாவியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதப் போவதாக எங்களுக்கு எட்டாம் வகுப்பிலே சொன்னீர்கள், அதிலிருந்து ஓர் அதிகாரம் தந்தாற் போதும்" என்றார். ஏனையோரும் நகைத்தனர், யானும் நகைத்தேன். ஆயினும், அன்று வீடு திரும்புங்கால் கல்லடிப் பாலத்தின்மேல் என் துவிச்சக்கர வண்டி மெல்லவே சென்றது. அம்மாணவர் இன்று இரு பிள்ளைகளுக்குத் தந்தை. யான் சொன்ன நூலிலோ ஓர் அதிகாரமேனும் இல்லை.

வாழ்நாளில் ஒரு நூலேனும் எழுதிவிடவேண்டும் என்னும் அவா கற்றாருட் பலர்க்கு உண்டு. நம் பழைய மாணவருள் மருத்துவரும், பொறியியலாளரும், எழுதுவினைஞரும், வயல் செய்வோரும், வணிகரும் இதனை என்னிடம் தனித்தனியே கூறியிருக்கின்றனர். "பிள்ளைகள் படித்து முடியட்டும்", "ஓய்வூதியம் பெற்றபின் ஆகட்டும்" என்பன அவர் கூறும் தவணைகள். அவா மெய்யானதே. ஆயினும் அவா உடையார் எல்லாரும் எழுதினாரல்லர். அவாவுக்கும் செயலுக்கும் இடையே நிற்கும் ஊக்கம் எங்கிருந்து வருகின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மாணவர்க்கு இது பாடமாகுக. என் போன்றார்க்கு இது கடிந்துரையாகுக.

ஊக்கம் என்னும் சொல்

திருவள்ளுவர் ஊக்கமுடைமையை 60ஆம் அதிகாரமாக வைத்தார். அதன்பின் 61ஆவது மடியின்மை, 62ஆவது ஆள்வினையுடைமை, 63ஆவது இடுக்கணழியாமை. இவ்வைப்புமுறையை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். ஊக்கம் தனித்து நிற்பதொன்றன்று. அதனை அடுத்துச் சோம்பல் நீங்கவேண்டும். அதனை அடுத்து முயற்சி நிகழவேண்டும். முயற்சியின்கண் இடையூறு வருதல் உறுதியாதலின், அதற்கு அழியாத உள்ளமும் வேண்டும். ஊக்கம் இருந்தால் எல்லாம் தாமே நிகழும் என வள்ளுவர் கருதியிருப்பின், ஓரதிகாரத்தோடு நிறுத்தியிருப்பார்.

சொல்லின் வரலாறும் இதனையே காட்டும். ஊக்கு என்னும் வினைக்கு அசைத்தல், செலுத்துதல் என்னும் பொருள்கள் உண்டு. ஊசலை ஆட்டிவிடுதலையும் பழந்தமிழர் ஊக்குதல் என்றே வழங்கினர். சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் நம்மூர் மரக்கிளைகளிலே ஊஞ்சல் கட்டி ஆடுதலை நாம் எல்லாரும் அறிவோம். அசையாது தொங்கும் ஊஞ்சலை முதலில் தள்ளுவதே அரிது. அஃது ஆடத் தொடங்கியபின், அது திரும்பி வருந் தறுவாயறிந்து விரலாலே தொடினும் போதும், வீச்சுப் பெருகும். தறுவாய் தவறித் தள்ளுவோமாயின், எத்துணை வலியிற் றள்ளினும் வீச்சுக் குறையும். பௌதிகம் பயிலும் மாணவர் இதனை ஒத்ததிர்வு என்னும் பாடத்திலே கற்பர்.

எழுத்தும் இத்தன்மையதே. பேரூக்கம் ஒன்று வானினின்றும் இறங்கி நம்மை எழுதுவிக்கும் எனக் காத்திருப்பவன், ஆடாத ஊஞ்சலின் முன் நின்று அது தானே ஆடுவதை எதிர்நோக்குபவனை ஒப்பான். முதற்றள்ளல் சிறிதாயினும் ஆகுக. அடுத்த தள்ளல் தவறாத காலத்தில் வருவதாகுக. ஊக்கம் என்பது இவ்விரண்டினாலும் பெருகுவது. அஃது எழுத்துக்கு முன்னே வருவதைக் காட்டிலும் எழுத்தின் பின்னே வருவதே மிகுதி.

வகுப்பறை கற்பித்த பாடம்

இவ்வுண்மையை யான் ஆசிரிய கலாசாலையிற் கற்றேனல்லேன். என் வகுப்பறையிலே கற்றேன். கட்டுரைப் பாடவேளை 40 நிமிடம். கரும்பலகையில் ஒரு தலைப்பை எழுதிவிட்டு அமர்வேன். முதல் ஐந்து நிமிடம் பேனாவைக் கடிப்பாரும் கூரையைப் பார்ப்பாருமாக மாணவர் இருப்பர். பின்னர் ஒருவன் குனிவான். அவனைக் கண்டு மற்றொருவன் குனிவான். மணியடிக்கும்பொழுது முப்பது மாணவரும் இரண்டு பக்கமேனும் எழுதியிருப்பர். அவருட் பலர்க்கு எழுதும் அவா சிறிதும் இல்லை. எழுதும் அவா மிகவுடைய ஆசிரியனோ நாற்காலியில் அமர்ந்து வரவு இடாப்பைத் திருத்திக்கொண்டிருப்பான்.

அவாவில்லாதார் எழுதினர், அவாவுடையவன் எழுதவில்லை. இதன் காரணத்தை ஒருநாள் எண்ணிப்பார்த்தேன். அம்மாணவர்க்கு இருந்தனவும் எனக்கு இல்லாதனவும் மூன்று. முதலாவது, எல்லை குறித்த ஒரு தலைப்பு. இரண்டாவது, தொடக்கமும் முடிவும் உடைய ஒரு பொழுது. மூன்றாவது, எழுதியதை வாங்கிப் படிக்கக் காத்திருக்கும் ஒருவர். தலைப்பு, பொழுது, படிப்பவர் ஆகிய இம்மூன்றும் கூடியவழி, ஊக்கம் அழையாமலே வந்து அமர்கின்றது. இவற்றுள் ஒன்று குறையினும் பேரவாவும் பயனின்றி ஒழிகின்றது.

என் குற்றம்

யான் எழுத விரும்பிய நூல் நம் வாவியைச் சார்ந்து வாழும் மக்களின் சொற்களைப் பற்றியது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவி நம் நாட்டை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாக்கியது. ஞாயிறு எழும் பக்கமும் படும் பக்கமும் ஊர்ப்பெயராகி நிற்கும் இவ்வழகு ஒன்றே ஒரு நூலுக்குப் போதிய தொடக்கம். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயர். மாரி வெள்ளம் மிகுந்தகாலை முகத்துவாரம் வெட்டுதல் என்னும் வழக்கு. தோணிக்கும் வலைக்கும் உறுப்புதோறும் தனித்தனிப் பெயர். இவற்றையெல்லாம் தொகுக்க எண்ணி, ஆசிரியப் பணியை நாடிய இளமையிலே ஒரு கொப்பியை வாங்கி, அதன் மேலட்டையில் "மட்டக்களப்பு வாவி: நிலம், மக்கள், மொழி, வரலாறு" என்று எழுதினேன்.

2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எம்மூரிற் புகுந்தது. உயிர்களை இழந்த வீடுகளின் நடுவே, தாள்களை இழந்ததைப் பேசுவதற்கு நாக் கூசும். ஆயினும் பிற்காலத்தில், "உன் புத்தகம் என்னாயிற்று?" என்று கேட்டாரிடம், "கடல் கொண்டது" என்று சொல்லிவந்தேன். சங்கநூல்களையே கடல் கொண்டது எனக் கேட்டுப் பழகிய தமிழர் அதற்குமேற் கேட்பாரோ? இரங்கித் தலையசைப்பர்.

இம்மலரிலே உண்மையைச் சொல்லிவிடுகின்றேன். கடல் கொண்ட கொப்பியில் எழுதப்பட்டிருந்தவை பதினொரு பக்கங்களே. அவற்றுள் இரண்டு பக்கம் முகவுரை. ஒரு பக்கம் நன்றியுரை. எழுதாத நூலுக்கு நன்றி கூறிவைத்தவன் யான். கடல் கொண்டது சிறிது. யான் விட்டது பெரிது.

இதனினும் பெரிய குற்றம் ஒன்று உண்டு. என் பெரியப்பா ஒருவர் இளமை தொட்டு வாவியிலே வீச்சுவலை வீசி வாழ்ந்தவர். படிப்பறியாதவர், ஆயினும் நீரையும் காற்றையும் மீனையும் அவர் போல அறிந்தார் எம்மூரில் இலர். காற்று நீரின்மேல் எழுப்பும் சிற்றலைகளை அவர் ஒரே பெயரால் வழங்கமாட்டார். மீன் நிற்கும் இடத்து அலைக்கு ஒரு பெயரும், வெறும் அலைக்கு வேறொரு பெயரும் சொல்வார். அச்சொற்களைக் கேட்டு வியந்தேன், எழுதிக்கொள்ளவில்லை. ஆறுதலாக ஒருநாள் வந்து முழுவதையும் எழுதிக்கொள்கின்றேன் என்றேன். "நீ வா மனே; தோணி எங்க போகப்போகுது?" என்றார். அதன்பின் காணும்போதெல்லாம், "புத்தகம் எப்ப மனே வரும்?" என்று கேட்பார். மூன்றாண்டுகள் இவ்வாறு கழிந்தன. பரீட்சைத் தாள், பாடசாலை விளையாட்டுப் போட்டி, வீட்டுக்குக் கூரை வேய்தல் என ஒவ்வொரு தவணைக்கும் ஒவ்வொரு காரணம் இருந்தது. ஒரு கச்சான் காலத்தில் அவர் கண்மூடினார். தோணி இன்றும் கரையிலே கவிழ்ந்து கிடக்கின்றது. அவ்விரு சொற்களையும் இன்று என்னாற் சொல்ல இயலவில்லை. ஊரில் முதியோர் பலரைக் கேட்டுவிட்டேன். நினைவுடையார் ஒருவரும் இலர்.

சட்டைப்பையிலே கைத்தொலைபேசி இருந்தது. அவர் குரலைப் பதிவு செய்ய ஐந்து நிமிடம் போதியதாயிருந்திருக்கும். ஊக்கமின்மை ஒருவனை மட்டும் வறியனாக்குவதன்று. அவன் எழுதக் கடமைப்பட்டவற்றையும் உடன் மாய்க்கும்.

இருபத்தைந்து அடிகள்

இனி, இம்மண்ணிலே பிறந்து, எழுத நினைத்ததை எழுதி முடித்த ஒருவரை நோக்குவோம். காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனன் என்பாரே பின்னாளில் விபுலாநந்த அடிகளாயினார். மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிற் கற்று, கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்று, ஆசிரியராய் வாழ்வைத் தொடங்கியவர். 1916ஆம் ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலே தேறினார். 1920ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். 1924ஆம் ஆண்டு துறவு பூண்டார்.

அடிகளின் யாழ்நூல் ஏறக்குறைய 14 ஆண்டு ஆராய்ச்சியின் பயன். அந்நூல் எதிலிருந்து தோன்றியது என்பதை நம் இளைஞர் கருத்தூன்றி அறிதல்வேண்டும். தமிழிசையின் வரலாறு முழுவதையும் எழுதுவேன் என்று அவர் தொடங்கினாரல்லர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே யாழாசிரியனது இயல்பை இளங்கோவடிகள் கூறும் 25 அடிகளுக்குப் பொருள் காணவேண்டும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா. யாழ் என்னுங் கருவி தமிழ்நாட்டிலே வழக்கொழிந்து பன்னூற்றாண்டு கழிந்துவிட்டது. சொல் இருந்தது, கருவி இல்லை. அச்சொல்லைக் கொண்டு அக்கருவியை மீட்கமுடியுமா என்பதே அவர் முன் நின்ற தலைப்பு. அவ்விருபத்தைந்து அடிகளைப் பற்றிச் சென்றவர், வில்யாழ், பேரியாழ், சீறியாழ், செங்கோட்டியாழ், சகோடயாழ் என்பவற்றின் உறுப்புகளையும், நரம்புகளின் அளவுகளையும், பாலைகளையும், பண்களையும், தேவார இசையையும் ஏழு இயல்களிலே விரித்துரைத்தார்.

வாயில் சிறிதாயிற்று, அதனாலேயே உள்ளே புக முடிந்தது. என் கொப்பியின் மேலட்டைத் தலைப்பை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிலம், மக்கள், மொழி, வரலாறு என நான்கு பெருங்கதவுகளையும் ஒருங்கே திறக்க முயன்று, ஒன்றினுள்ளும் கால்வையாது நின்றேன். "எழுத்தாளன் ஆகவேண்டும்" என்பது அவா. "இச்சொல்லுக்குப் பொருள் யாது?" என்பது வினா. அவா நம்மைக் கனவு காணச் செய்யும். வினா நம்மை எழுப்பி உட்கார்த்தும்.

மற்றொன்றையும் கூறல் தகும். சிலப்பதிகாரத்தை உ. வே. சாமிநாதையரவர்கள் பதிப்பித்த ஆண்டும் 1892. அடிகள் பிறந்த ஆண்டும் அதுவே. மேலும், கண்ணகி வழிபாடு நிலைத்த நாடு நம் நாடு. வைகாசித் திங்களிலே கண்ணகி கோயில்களில் வழக்குரை படிப்பதும் குளிர்த்தி பாடுவதும் காரைதீவிலும் ஏனை ஊர்களிலும் வழிவழி வருவன. அக்கோயிற் சூழலில் வளர்ந்த சிறுவனுக்குச் சிலப்பதிகாரம் ஏட்டிலே மட்டும் உள்ள காவியமன்று. ஊரிலே கேட்ட குரல். ஆதலின், எழுதக் கருதுவார் தம் வினாவைத் தொலைவிலே தேடவேண்டா. சிறு பருவத்திற் கேட்டு, இன்றும் விளங்காது நெஞ்சில் நிற்பது எதுவோ, அங்கே அவர்தம் நூல் காத்திருக்கின்றது.

"என் தொழிலுக்கும் எழுத்துக்கும் தொடர்பில்லையே" என்று வருந்தும் பழைய மாணவர்க்கும் அடிகள் வாழ்க்கை விடை கூறும். அவர் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேற்றானத்தில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால், குரலுக்கு இளி என்று பண்டையோர் வழங்கிய சுரம் பிறக்கும். நான்கில் மூன்று பங்காக்கினால் உழை பிறக்கும். இக்கணக்கை அறியாத புலவர் பலர் உரைகளைக் கற்றும் யாழை அறிந்திலர். இக்கணக்கை அறிந்த விஞ்ஞானிகளோ சிலப்பதிகாரம் கற்றிலர். இரண்டையும் ஒருங்கு கற்ற ஒருவர்க்கே அவ்வாயில் திறந்தது. வயிற்றுப்பிழைப்புக்கென நாம் கற்றதே நம் நூலுக்குத் திறவுகோலாதல் கூடும்.

பொழுது

இரண்டாவது, பொழுது. அடிகளுக்கு ஓய்வு மிகுந்திருந்தமையால் எழுதினார் என்பார் அவர் வரலாறு அறியார். கல்லடி உப்போடையிலே 1929ஆம் ஆண்டு சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவினார். இராமகிருஷ்ண சங்கப் பாடசாலைகளை மேற்பார்த்தார். 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியர். பின்னர் இமயமலைச் சாரலில் மாயாவதியிலிருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலத் திங்களிதழின் ஆசிரியர். 1943ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியர். இப்பணிகளினிடையே நடந்ததே அவ்வாராய்ச்சி. ஓய்வு வந்தபின் எழுதுவோம் என அவர் காத்திருந்தால் நூல் தோன்றியிராது. ஓய்வு அவர்க்கு வரவேயில்லை.

மேலைநாட்டினின்றும் ஓர் எடுத்துக்காட்டு. அந்தோணி டிரோலப் என்னும் ஆங்கில நாவலாசிரியர் 19ஆம் நூற்றாண்டிலே தபாற் பகுதியில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்தவர். விடியற்காலை 5.30 மணிக்கு மேசையில் அமர்வதும், கைக்கடிகையை முன்வைத்துக் கால்மணிக்கு 250 சொல் வீதம் எழுதுவதும், அதன்பின்னரே உத்தியோகத்துக்குச் செல்வதும் அவர் வழக்கம். தம்மை எழுப்பிக் கோப்பி கொடுப்பதற்கென்றே வேலையாள் ஒருவர்க்கு ஆண்டுக்கு ஐந்து பவுண் மேலதிகமாகக் கொடுத்தார். தாம் பெற்ற வெற்றிக்குப் பிறர் எவரினும் அவ்வேலையாளுக்கே தாம் கடமைப்பட்டவர் என்ற கருத்தையும் தம் வரலாற்றிலே வெளியிட்டார். அவர் எழுதிய நாவல்கள் 47. எழுச்சி வந்தபோதுதான் எழுதவேண்டும் என்பாரை அவர் எள்ளி நகையாடினார்.

நாம் டிரோலப் ஆகவேண்டா. கால்மணிக்கு 250 சொல் நம்மால் இயலாது, அது தேவையுமன்று. அரைமணி நேரத்தில் அரைப்பக்கம் எழுதுவோம் எனக் கொள்க. பாடசாலை நாள்கள் ஆண்டுக்கு இருநூற்றை ஒட்டியவை. அந்நாள்களில் மட்டும் எழுதினும் ஆண்டு முடிவில் 100 பக்கம் ஆகும். வாழ்நாள் முழுதும் எட்டாததாகத் தோன்றிய நூல், இக்கணக்கின் முன் ஓராண்டுத் தொலைவிலே நிற்கின்றது. மாணவர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும்: எழுதாத நாளுக்காக மறுநாள் இருமடங்கு எழுத முயலற்க. அம்முயற்சியே பலரைச் சோர்வித்து நிறுத்தியது. ஊஞ்சல் ஒருமுறை தவறினால் அடுத்த தறுவாயில் முன்போலவே தொடுக.

படிப்பவர்

மூன்றாவது, படிப்பவர். தமிழர் இதன் இன்றியமையாமையை நன்குணர்ந்திருந்தனர். அரங்கேற்றம் என்னும் வழக்கு அதற்குச் சான்று. நூல் எழுதியவன் அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டுதற்கு இடமில்லை. கற்றோர் அவையிலே படித்துக்காட்டவேண்டும். குறித்த நாளில் அவை கூடும் என்னும் நினைவே எழுதுவோனைத் துயிலவொட்டாது.

அடிகளும் தம் ஆராய்ச்சியை 14 ஆண்டு மறைத்துவைத்தாரல்லர். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தமிழ்ப்பொழில் முதலிய இதழ்களிலே இசை பற்றிய கட்டுரைகளை வெளியிட்டு வந்தார், அவைகளிலே விரிவுரையாற்றினார். ஒவ்வொரு கட்டுரையும் அடுத்ததற்கு ஒரு தள்ளல் ஆயிற்று. 1947ஆம் ஆண்டு யூன் மாதம், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே, கரந்தைத் தமிழ்ச் சங்கத்தாரின் ஆதரவில், அறிஞர் குழுமிய அவையில் யாழ்நூல் அரங்கேறியது. அடிகள் அப்பொழுது உடல்நலங் குன்றியிருந்தார். அடுத்த திங்கள், யூலை 19ஆம் நாள், கொழும்பிலே இறைவனடி சேர்ந்தார். அகவை 55.

அரங்கேற்றத்துக்கும் மறைவுக்கும் இடையே இருந்தது ஏறக்குறைய ஒன்றரைத் திங்களே. ஓராண்டு அவர் தாழ்த்திருந்தால் என்னாகியிருக்கும் என்பதை எண்ணுந்தோறும் என் பெரியப்பாவின் கவிழ்ந்த தோணி என் கண்முன் தோன்றுகின்றது. கல்லடியிலே அடிகளின் சமாதியைக் கடந்து செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் இதனை நினைத்தல் நன்று.

முதுமை வந்துவிட்டதே என்று அஞ்சுவார்க்கு உ. வே. சாமிநாதையரவர்களே சான்று. 1940ஆம் ஆண்டு தொடக்கத்திலே, தமது 84ஆம் வயதில், என் சரித்திரம் என்னும் வரலாற்றை ஆனந்த விகடனிலே வாரந்தோறும் எழுதத் தொடங்கினார். 1942ஆம் ஆண்டு ஏப்பிறில் திங்களில் அவர் மறையும்வரை அது தொடர்ந்தது. நூல் முற்றுப்பெறவில்லை, ஆயினும் முற்றுப்பெறாத அந்நூலே இன்று நமக்குப் பெருஞ்செல்வம். வாரந்தோறும் காத்திருந்த வாசகர் அவர்க்கு அவையாயினர்.

நம் நாட்டிலும் பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்கள் ஊரூராய்த் தேடித் தொகுத்து, 1964ஆம் ஆண்டிலே மட்டக்களப்புத் தமிழகம் என்னும் நூலைத் தந்தார். அவர் எழுதிவைத்தமையாலன்றோ நம் கூத்தும், கவியும், பேச்சு வழக்கும் பற்றி நாம் இன்று ஓரளவேனும் அறிகின்றோம்? அவர்க்குப் பின் எழுதவேண்டியவற்றை எழுதுதற்கு உரியார் நாமே.

பயிற்சி

கட்டுரையை இம்மட்டில் நிறுத்தினால், மீண்டும் ஒரு முகவுரை எழுதியவனாவேன். ஆதலின், எழுதும் அவாவுடைய மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒரு பயிற்சி தருகின்றேன். முதலில் யான் செய்ததைக் கூறுகின்றேன்.

மலர்க்குழுவினரைச் சந்தித்த அன்றிரவு, புதிய கொப்பி ஒன்றின் முதற்பக்கத்தில், "எம்மூர்த் தோணியின் உறுப்புகளுக்கு வழங்கும் பெயர்கள்" என்று எழுதினேன். வாவி முழுவதும் இல்லை. ஓர் ஊர், ஒரு தோணி. பொழுது, காலை 5 மணி முதல் 5.30 வரை. படிப்பவர், ஆசிரியர் ஓய்வறையில் என்னோடு அமரும் இருவர். வெள்ளிக்கிழமைதோறும் அவ்வார எழுத்தை அவர்க்குப் படித்துக்காட்டுகின்றேன். ஒருவர் கணித ஆசிரியர். அவர் கேட்ட ஒரு கேள்வியால் தோணியின் நீள அகலங்களை அளந்துவரச் சென்றேன். அளவு பிடிக்க உதவிய முதியவர் ஒருவர், யான் கேளாத நான்கு சொற்களைத் தாமே சொன்னார். முதல் வாரம் எழுந்திருத்தல் மிகக் கடினமாயிருந்தது. மூன்றாம் வாரத்தில், எழுதாத நாளே கடினமாயிற்று. இக்கட்டுரை எழுதும் இந்நாளில் 14 பக்கம் ஆகியிருக்கின்றன. முகவுரை எழுதவில்லை.

நீங்களும் இவ்வாறு செய்து பாருங்கள். ஒரு தாளில், ஒரே வாக்கியத்தில் அடங்கும் வினா ஒன்றை எழுதுக. நாளில் அரைமணி நேரத்தை அதற்கென ஒதுக்கி, வீட்டாரிடம் அதனைச் சொல்லிவைக்குக. வாரந்தோறும் படித்துக்காட்ட ஒருவரைத் தேடிக்கொள்க. அவர் புலவராயிருக்கவேண்டுவதில்லை, காத்திருப்பவராயிருந்தாற் போதும். உங்கள் வினாவுக்கு விடை முதியவர் ஒருவரிடம் இருக்குமாயின், மற்றெல்லாவற்றையும் நிறுத்தி, முதலில் அவரிடம் செல்க.

பழைய மாணவர்காள்! உங்களுள் பலர் இக்கரையை விட்டுக் கடல்கடந்து வாழ்கின்றீர்கள். உங்கள் நினைவிலுள்ள சொல்லும், ஊரும், ஆளும் உங்களோடு அங்கே இருக்கின்றன. அவற்றை எழுதி அனுப்புங்கள். ஒரு பக்கமாயினும் ஆகுக.

மலர்க்குழுவில் நகைத்த அம்மாணவர் கேட்டது ஓர் அதிகாரம். அதனை அவர்க்கு இன்னும் கொடுத்தேனல்லேன். வரும் ஆண்டு நாமகள் விழாவுக்கு முன்னர் அச்சிறு நூலை நம் கல்லூரி நூல்நிலையத்திலே சேர்ப்பேன் என்று இம்மலரில் எழுதிக் கையொப்பமிடுகின்றேன். இதனைப் படித்தவர் என்னைக் கல்லடிப் பாலத்திலோ சந்தையிலோ கோயில் வீதியிலோ கண்டால், "புத்தகம் எப்போது வரும்?" என்று கேட்பாராக. அக்கேள்வியைக் கேட்டுவந்த ஒருவர் இன்று இல்லை. அவர் இடத்தில் நின்று கேட்க, உங்களை வேண்டுகின்றேன்.